பதில்: டர்போ தண்டின் ‘பிளே’வுக்கு எந்தச் சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் டர்போவைப் பழுதுபார்க்கும் கையேட்டில், தண்டு அசைந்துகொடுக்கும் அளவைக் குறிக்கும் ‘பிளே’ (play) வரும் இடங்களிலெல்லாம் ‘தளர்வு’ என்று போட்டுவிடலாம் என இந்த இழை ஏறக்குறைய முடிவுக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘தளர்வு’ என்று எழுதினால், அதைப் படிப்பவர் நல்ல நிலையில் உள்ள டர்போவைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

டர்போவில் ஒரே தண்டுதான். ஒரு முனையில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சுழற்றும் சக்கரம். மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சக்கரம். கார் டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் போகும், சிறியவை 2,00,000 சுற்றையும் தாண்டும். பெரும்பாலான பழைய கார்களில் அதைத் தாங்குவது பால் பேரிங் கிடையாது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஓர் எண்ணெய்ப் படலம், பேரிங்குக்கும் உறைக்கும் நடுவே இன்னொரு படலம் என்று பேரிங்கே எண்ணெயில் மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் படலங்களுக்கு இடம் விட்டுத்தானே செய்ய வேண்டும்? எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் அழுத்தம் இருக்காது. அப்போது காற்றுக்குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அந்த இடம் விரலுக்குத் தெரியும். புத்தம்புது டர்போவிலும் தெரியும். எண்ணெய் வடிந்து காய்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகவே தெரியும்.

இதைத் ‘தளர்வு’ என்றால் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. தளர்ந்தது என்றால் முன்பு இறுக்கமாக இருந்தது என்று பொருள். இந்தத் தண்டு ஒருநாளும் இறுக்கமாக இருந்ததில்லை. ‘தேய்மானம்’ என்று இன்னொருவர் முன்வைத்ததற்கும் இதே மறுப்புதான்.

‘இடைவெளி’ இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. சக்கரத்தின் இறகு நுனிக்கும் உறைக்கும் நடுவே இருப்பது இடைவெளி. விரலோ, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜோ உணர்வது அசைவை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ‘ஆட்டம் மிகுந்ததால் இடைவெளி போய், இறகு உறையில் உரசிவிட்டது’ என்ற வாக்கியத்தை எழுதவே முடியாது. கையேட்டில் அது கட்டாயம் வரும் வாக்கியம்.

ஆகவே என் பரிந்துரை ‘ஆட்டம்’. இந்தச் சொல்லுக்கு இழையில் எழுந்த மறுப்பு இது:

> ‘ஆட்டம்’ பேச்சுவழக்கு. தவிர, ‘ஆட்டம் கண்டுவிட்டது’ என்றால் அதுவும் கோளாறைத்தானே சொல்கிறது?

பட்டறையில் ‘ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கா பாரு’ என்று கேட்பது வழக்கம்தான். கையேடு போகப் போவதும் அங்கேதான், எனவே அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே கோளாறைச் சொல்வது ‘கண்டுவிட்டது’ என்ற வினை. வெறும் ‘ஆட்டம்’ நல்லது கெட்டது எதுவும் சொல்லாது. அளவைச் சேர்த்த பிறகுதான் பொருள் முழுமையாகும். கலைச்சொல்லுக்கு வேண்டிய குணம் அதுதான்.

அடுத்து, இரண்டு வகை. ஆரத்திசைத் தளர்வு, அச்சுத்திசைத் தளர்வு என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பதைப் படிக்கும்போது எது எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘குறுக்கும் நெடுக்குமாக’ என்பது எல்லோர் வாயிலும் இருக்கும் சோடி. தண்டுக்குக் குறுக்கே அசைந்தால் குறுக்காட்டம், தண்டின் நெடுக்கே உள்ளும் வெளியுமாக அசைந்தால் நெடுக்காட்டம்.

இந்தப் பிரிவினையில்தான் சோதனையே அடங்கியிருக்கிறது. குறுக்காட்டம் ஓரளவு இருக்கலாம். அசைக்கும்போது இறகு உறையைத் தொட்டாலோ, உரசிய தடம் தெரிந்தாலோ அந்த டர்போவின் கதை முடிந்தது. நெடுக்காட்டம் அப்படியல்ல. பல கார் டர்போக்களில் அது 0.1 மி.மீ.க்குள் அடங்கிவிடும், விரலுக்கே தெளிவாகத் தட்டுப்பட்டால் அதைத் தடுக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்தப் பேரிங்குக்கு ‘உந்துதாங்கி’ என்று பட்டியலில் உள்ளது, அது எதையோ உந்துவது போல ஒலிக்கிறது. நெடுக்காட்டத்தைத் தடுப்பதால் ‘நெடுக்குத் தாங்கி’ எனலாமே. எண்ணெயில் மிதப்பது ‘மிதவைத் தாங்கி’ என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டது சரி, அது அப்படியே இருக்கட்டும்.

தீர்ப்பைச் சொல்லுக்குள் வைக்கக் கூடாது என்பது ‘சீல் கசிவு’ என்ற பதிவுக்கும் பொருந்தும். நீலப்புகை வந்ததும், குழாயில் எண்ணெய் தெரிந்ததும் ‘சீல் போச்சு’ என்று முடிவு கட்டுகிறார்கள். டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். அழுத்த வேறுபாடு சரியாக இருந்தால்தான் அது எண்ணெயை உள்ளே நிறுத்தும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்குவது தன் எடையால் மட்டுமே. இறங்கும் குழாய் அடைத்திருந்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலோ எண்ணெய் இறங்க வழியின்றி முனைகள் வழியே வெளியேறும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்றுப் பக்கத்தில் எண்ணெயை உறிஞ்சி இழுக்கும். இவற்றைப் பார்க்காமல் புது டர்போ மாட்டினால் அதுவும் புகைக்கும். ஆகவே அந்தப் பதிவை ‘எண்ணெய்க் கசிவு’ என்று மட்டும் வைத்து, காரணங்களைக் கீழே தருவோம்.

இழுவை குறைவது, சைரன் போல ஊளையிடுவது பற்றிய கையேட்டுப் பத்தியில் சொல் சிக்கல் ஒன்றும் இல்லை. ரப்பர் குழாய் வெடிப்பு, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஓட்டை, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் வாக்குவம் குழாய் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லியிருப்பதும் சரியான வரிசைதான்.

பழுதுபார்ப்புப் பகுதியில் ‘கார்ட்ரிட்ஜ்’ என்பதை ‘நடுத்தொகுதி’ என்று மாற்றியதை வரவேற்கிறேன். தண்டும் சக்கரங்களும் பேரிங்குகளும் ஒன்றாகச் சமன்செய்யப்பட்டு வரும் தொகுதி அது. பேரிங் கிட் மட்டும் வாங்கி மாற்றினால் மீண்டும் சமன்செய்யும் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எண்ணெய் வரும் குழாயைக் கழுவி மாட்டச் சொல்லும் வரியை நீக்கிவிடலாம். பழைய காரில் அதன் உள்ளே கருகிய எண்ணெய் கரியாகப் படிந்திருக்கும், புதிதாக மாற்றுவதே நல்லது. அந்த இணைப்பில் கசிவடைக்கும் பேஸ்ட் தடவக் கூடாது, பிதுங்கிய துணுக்கு துளையை அடைத்துவிடும். இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடிக்க வேண்டும் என்பதும் விடுபட்டிருக்கிறது. டீசல் எஞ்சின் அதை இழுத்து எரிக்க ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

‘பிரைமிங்’குக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, எரிபொருளைத் தடுத்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இயக்குகிறோம். ‘எண்ணெய் நிறைத்தல்’ என்றாலே போதும், புதிதாக ஒன்று செதுக்க வேண்டாம்.

அளவு அட்டவணையில் ‘குறுக்காட்டம், மி.மீ.’, ‘நெடுக்காட்டம், மி.மீ.’ என்று இரண்டு தலைப்புகள் வைத்து, எண்களை அந்தந்த டர்போவின் தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து நிரப்பலாம். மறுப்பு இருந்தால் பக்கம் வடிவமைக்கத் தொடங்கும் முன் எழுதுங்கள்.