ஒரு குழந்தைக்கு எத்தனை படிவம்?

விளக்குத்தூண்:
சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றை 12 ஆண்டுகளாக நடத்துகிறேன். 22 குழந்தைகள், 5 ஆசிரியர்கள். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்தால் கோப்புகள் தலையில் விழுகின்றன. வகுப்பறைக்கு ஒரு துறை ஓர் அளவு சொல்கிறது, இன்னொரு துறை வேறோர் அளவு சொல்கிறது. இரண்டுக்கும் பொருந்துகிற அறையைக் கட்டும் கொத்தனார் இன்னும் பிறக்கவில்லை.

மானியம் என்பது செலவழித்த பிறகு வரும் பணம். முதலில் சம்பளம் கொடு, ரசீது வை, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பு, பிறகு காத்திரு. அந்த மாதங்களில் ஆசிரியர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்களில் பேச்சுப் பயிற்சி தந்தவரிடம் மட்டுமே வாய் திறந்த ஒரு சிறுமி இருந்தாள். இப்போது அவள் யாரிடமும் பேசுவதில்லை.

பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொள்ள 14 மாதங்கள் ஆயின. முதலில் பெரிய மரப் பொத்தான், அடுத்து மேசையில் விரித்த சட்டை, அதன் பிறகு உடம்பில் போட்ட சட்டை. கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் வசப்படவில்லை. காலாண்டுப் படிவத்தில் 'முன்னேற்றம், சதவீதத்தில்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐந்தில் நான்கு பொத்தான், ஆகவே 80 என்று எழுதினேன். 'கணக்கிட்ட முறையை விளக்கவும்' என்று திரும்பி வந்தது.

பணமில்லாமல் மட்டும் சிறிய மையங்கள் சாகவில்லை. பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய விதிகளாலும் சாகின்றன.

தணிக்கைத்தாள்:
31 ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்தவன் நான். கோப்பு தலையில் விழுவது பற்றி எனக்கும் தெரியும். ஆனால் அந்த விதிகள் எதற்காக வந்தன என்பதையும் சொல்லுங்கள். நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஓர் அரசுப் பள்ளி இருந்தது. பெயர்தான் பள்ளி. 4,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 1960-களில் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1972-இல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போன பிறகுதான் உடையில்லாமல் அழுக்கில் கிடந்த பிள்ளைகளை நாடு பார்த்தது. அதை முழுதாக மூட 1987 ஆயிற்று. அது தொலைவு என்றால் கும்பகோணம், 2004. சமையற்கட்டுத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அவர்கள் எழுந்து ஓடத் தெரிந்த பிள்ளைகள். உங்கள் மையத்தில் சக்கர நாற்காலியில் எத்தனை பேர்?

பேச முடியாத பிள்ளை புகார் கொடுக்காது. அதற்காகத் தாள்தான் பேச வேண்டும். பதிவேட்டில் 60 பெயர், பாயில் 18 பிள்ளைகள் என்ற மையத்தையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் மற்ற எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் என்றார்கள்.

ஆறாம் வரிசை:
நான் சாதாரணப் பள்ளியில் ஆசிரியர். இருவரும் தனிப் பள்ளி வேண்டும் என்பதை முடிந்த முடிவாக வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு உள்ளடங்கிய கல்வியை, அதாவது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதை, உரிமை என்கிறது. பொதுப் பள்ளி ஒன்று, தனிப் பள்ளி ஒன்று என்று இரட்டை ஏற்பாட்டைத் தொடர்வது அதற்குப் பொருந்தாது என்று 2016-இல் அதற்கான குழுவே விளக்கியது. இத்தாலி 1977-லேயே சிறப்பு வகுப்புகளைச் சட்டம் போட்டு நீக்கியது. தனிச் சுவர் எழுப்பும் பணத்தை எங்கள் பள்ளிக்குக் கொடுங்கள். உங்கள் தகராறு பாதி தீர்ந்துவிடும்.

சந்திரா:
தம்பி, என் மகள் இரண்டு ஆண்டுகள் நீங்கள் சொல்லும் பள்ளியில்தான் இருந்தாள். வகுப்பில் இருந்தாள் என்று சொல்ல முடியாது, தாழ்வாரத்தில் இருந்தாள். கையில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. அதைத் திறப்பாள், மூடுவாள். மதியம் அழைத்துவரப் போனால் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். வருகைப் பதிவேட்டில் மட்டும் ஒரு நாள் விடாமல் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளில் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. எங்களுக்கு வாய்த்தவர் ஐந்து பள்ளிகளுக்கு ஒருவர். வாரத்தில் ஒரு நாள் வருவார், அந்த நாளும் பாதி கையெழுத்துப் போடுவதில் போய்விடும். சேர்த்துப் படிக்கவைப்பதை நான் மறுக்கவில்லை. ஆசிரியரை அனுப்பாமல் பிள்ளையை மட்டும் அனுப்புவதை மறுக்கிறேன்.

ஆறாம் வரிசை:
அம்மா, நீங்கள் சொல்வது உண்மை, எனக்குப் பதில் இல்லை. ஆனால் எங்களுக்கு ஆள் வராததற்கு அந்தப் பணம் வேறு பக்கம் போவதும் ஒரு காரணம் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விளக்குத்தூண்:
வேறு பக்கம் என்றால் என் பக்கமா? என் மின்கட்டண ரசீதை வந்து பாருங்கள்.

தணிக்கைத்தாள் ஐயாவுக்கு: 60 பெயர் 18 பிள்ளை கதையை மறுக்கவில்லை, எனக்கும் அப்படிப்பட்டவர்களைத் தெரியும். ஒன்று கேட்கிறேன். அவர்கள் கோப்பு எப்படி இருந்தது? அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கும். பிள்ளைகளே இல்லாத இடத்தில் கோப்பு எழுத நேரம் தாராளமாகக் கிடைக்கும். எங்கள் கோப்பில்தான் கஞ்சிக் கறை. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவனுக்கு வலிப்பு வந்துவிடும்.

தகுதி விதியும் அப்படித்தான். 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரையே நியமிக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதிவு பெற்றவர் கேட்கும் சம்பளத்துக்கும் மானியம் ஒத்துக்கொள்ளும் சம்பளத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? தகுதியை ஒரு துறை உயர்த்துகிறது, சம்பளத்தை இன்னொரு துறை அப்படியே வைத்திருக்கிறது. நிறுவனத்துக்கு மானியம் என்பதையே விட்டுவிடுங்கள். குழந்தைக்கு இவ்வளவு என்று ஒதுக்குங்கள், அது எங்கே போகிறதோ அங்கே பணமும் போகட்டும்.

தணிக்கைத்தாள்:
கஞ்சிக் கறை பற்றிச் சொன்னது உண்மை. சுத்தமான கோப்பைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆனால் குழந்தைக்கு இவ்வளவு என்பதை நெதர்லாந்து செய்து பார்த்துவிட்டது. 2003-இல் குழந்தையின் 'முதுகுப்பை'யில் பணம் என்று ஒரு திட்டம். குறைபாடு உறுதியானால் பணம் உண்டு. விளைவு, சான்றிதழ் வாங்கியவர்கள் தொகை ஏறிக்கொண்டே போனது, செலவு கட்டுக்கு அடங்கவில்லை. 2014-இல் அதைக் கைவிட்டு, வட்டாரத்தின் மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிக் கூட்டமைப்புகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். முத்திரைக்குக் காசு வைத்தால் முத்திரை பெருகும். பெற்றோரையோ பள்ளியையோ திருடர் என்று நான் சொல்லவில்லை, வழி அதுவாக இருந்தால் யாரும் அதில்தான் நடப்பார்கள்.

இங்கிலாந்தில் 2014 சட்டமும் அதன் விதிகளும், தேவைப்படும் குழந்தைக்குத் தனித் திட்டம் எழுத 20 வாரக் கெடு வைத்தன. உரிமை கிடைத்தது, பணம் கூடவே வரவில்லை. உள்ளாட்சிகள் அந்தப் பற்றாக்குறையை முதன்மைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்க 2020 முதல் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு தணிக்கையாளனாக இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

விளக்குத்தூண்:
மொத்த எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தால் கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகள் வந்து சேரும் இடம் நட்டப்படும். என் மையத்தில் குழாய் வழியாக உணவு எடுப்பவர்கள் இருவர். சராசரிக் கணக்கில் அவர்கள் தெரியவே மாட்டார்கள். உரிமை வரும், பணம் வராது என்பதற்கு அமெரிக்காவும் சாட்சி. 1975 சட்டத்தில், ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். அந்த 40 இன்றுவரை வரவில்லை, அண்மை ஆண்டுகளில் 15-க்கும் கீழே. மிச்சத்தை யார் சுமக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சந்திரா:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இப்போது மகள் இருக்கும் மையத்துக்குச் சென்ற ஆண்டு ஓர் ஆய்வாளர் வந்தார். சாய்தளத்தை நாடா வைத்து அளந்தார், கழிப்பறைக் கதவை அளந்தார், போய்விட்டார். அளந்ததில் தப்பில்லை. ஆனால் என் மகள் அன்று முதல் முறையாகத் தானே கழிப்பறைக்குப் போய்வந்தாள். கதவை அளந்துகொண்டிருந்தவரைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். அதை எழுத அவரிடம் கட்டம் இல்லை போலும்.

தணிக்கைத்தாள்:
அளவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அம்மா, கதவு குறுகலாக இருந்தால் அவள் உள்ளேயே போயிருக்க முடியாது. ஆனால் ஒரே விவரத்தைப் பல முறை கேட்பதில் ஒரு நியாயமும் இல்லை, அதை என் பணிக்காலத்திலேயே எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. விளக்குத்தூண், உங்கள் படிவங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் பட்டியல் போட்டு இங்கே இடுங்கள். எவை சட்டத்தில் உள்ளவை, எவை யாரோ ஒரு குமாஸ்தா சேர்த்தவை என்று பிரித்துத் தருகிறேன்.

விளக்குத்தூண்:
இரவு உட்கார்ந்து எண்ணினேன். மையத்தின் முகவரி 11 இடத்தில். அறையின் நீள அகலம் 4 இடத்தில், அதில் 2 அடியில், 2 மீட்டரில். குழந்தையின் பெயர் எழுத ஒரு படிவத்தில் இடமே இல்லை, வரிசை எண் மட்டும். மீதியை ஞாயிற்றுக்கிழமை இடுகிறேன், வெள்ளிக்குள் காலாண்டு அறிக்கை போக வேண்டும்.