பத்தொன்பது பேர் உருண்டார்கள், நான் நின்றேன்

நான் ஆதம்பாக்கத்தில் வளர்ந்தவன். பக்கத்திலேயே பரங்கிமலை, 1963-இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அங்கே பயிற்சி பெறுகிறவர்களின் மிடுக்கைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. 1993-இல் வெளிமாநிலத்து ராணுவ உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் அப்பா சேர்த்துவிட்டார். சைனிக் பள்ளிகளைப் போலவே அங்கேயும் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பையன்களைத் தயார் செய்வதுதான் நோக்கம்.

டார்மிட்டரியில் இருபது கட்டில். விசில் அடித்ததும் கொசுவலையை மடித்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பெல்ட் பக்கிளை பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்து ஃபாலின் ஆக வேண்டும், அதாவது வரிசையில் போய் நிற்க வேண்டும். ஒருவனுடைய பக்கிள் மங்கலாக இருந்தாலும் மொத்தப் பேருக்கும் ஃபிரன்ட் ரோல், தரையில் குட்டிக்கரணம் போட்டு உருள வேண்டும். இந்தத் தண்டனையை ரகடா என்போம். முதல் மாதமே அது என்னால் நடந்தது. உஸ்தாத், அதாவது டிரில் பயிற்சியாளர், என்னை உருளவிடவில்லை, நின்று பார்க்கச் சொன்னார். பத்தொன்பது பேர் செம்மண்ணில் உருண்டார்கள். அன்றிரவு யாரும் என்னோடு பேசவில்லை. அப்புறம் என் பக்கிள் ஒருநாளும் மங்கவில்லை.

சரி, பக்கிள் என் கையில் இருந்த விஷயம். கடைசிக் கட்டிலில் சேலத்துப் பையன் ஒருவன் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவான். அதற்கும் எல்லோரையும் மைதானம் சுற்றி ஓடவிட்டார்கள். அது தவறு, இன்றும் அப்படித்தான் சொல்வேன். இரண்டாம் தடவை ஓடிய அன்று ராத்திரி நாலு பேர் அவனுடைய ட்ரங்க் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வீசினார்கள். நான் தடுக்கவில்லை. நின்று பார்த்தேன், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

பெட்டியை எடுத்து வந்து உள்ளே வைத்தவன் எங்கள் டார்ம் லீடர். மதுரைக்காரன், எங்கள் வகுப்புதான், அதிகம் பேச மாட்டான். மறுநாள் அவன் முறை வைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து அந்தப் பையனைக் கக்கூஸுக்குக் கூட்டிப் போய் வர வேண்டும். இருந்தது ஒரே அலாரம் கடிகாரம். அது முறைக்காரன் தலையணைக்கு அடியில் இருக்கும்.

என் முறை வந்த இரவு எழுப்பப் போனால், அவன் விழித்து உட்கார்ந்திருந்தான். விளக்கில்லாத அந்த நீள வராந்தாவில் தனியாகப் போகப் பயம். அடக்கிக்கொண்டே படுத்திருந்து தூங்கிப்போவானாம். இரண்டு மாதம் கூடவே படுத்திருந்தோம், ஒருத்தரும் அவனிடம் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சேலத்துக்காரன் வேளச்சேரியில் இருக்கிறான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகன் ராணுவப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். "அங்க போனதும் பக்கத்துக் கட்டில் பையன்கிட்ட, ராத்திரி உன்னை எழுப்பணுமான்னு மொதல்ல கேளுடா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.