சாவி வாங்கும் முன் சோதனை: எது விட்டுப்போனது?

சென்னையில் புது ஃபிளாட், அடுத்த வாரம் சாவி. கையெழுத்துக்கு முன் பார்க்கப்போவது இவை. விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

முதலில் பாத்ரூம், பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான். வடிகாலை அடைத்து, வாசல் மட்டத்தைத் தாண்டாமல் 2 அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுவது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது. அடைப்பை எடுத்ததும் எங்கே தேங்குகிறதோ அங்கே வாட்டம் (வடிகால் பக்கச் சரிவு) இல்லை. சங்கன் ஸ்லாப்பில் (குழாய்களுக்காகப் பள்ளமாக இறக்கிப் போட்ட பாத்ரூம் தளம்) நிரப்பிய கல் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஈரம் கீழே வர நாளாகும். 48 மணி நேரம் போதுமா?

டைல்ஸை நாணயத்தால் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டி, பொள்ளல் சத்தம் (அடியில் வெற்றிடம் இருப்பது போல) வந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைப்பது. மூலை மட்டும் பொள்ளல் என்றால் மாற்றச் சொல்வீர்களா, விட்டுவிடுவீர்களா?

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை மட்டுமே சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 40 வாட் பல்பு வைத்தால், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எர்த் ஒயரைச் சந்தேகிக்கலாம்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் பிரிவு 14(3)-இன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சொல்லும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 'முழுத் திருப்தி' என்று அச்சடித்த கடிதத்தை நீட்டுகிறார்கள். அதில் குறைப் பட்டியலை இணைத்துக் கையெழுத்திட்டவர்கள் யாராவது உண்டா? வாசகம் எப்படி எழுதினீர்கள்?