பிபிஎம்என் வரைபடத்திலிருந்து ஆர்டரின் லைஃப்சைக்கிளை எடுப்பது எப்படி?

கேள்வி: பிபிஎம்என் 2.0 (வணிகச் செயல்முறையைப் படமாக வரையும் குறியீட்டு முறை) வரைபடத்தில் ‘ஆர்டர்’ டேட்டா ஆப்ஜெக்ட் (செயல்முறை கையாளும் தகவல்) பல இடங்களில் வருகிறது. சில டாஸ்க்குகளுக்கு (தனித்தனி வேலைகளுக்கு) உள்ளீட்டு நிலையே, அதாவது வேலை தொடங்கும்போது ஆர்டர் எந்த நிலையில் இருக்கும் என்பதே, குறிக்கவில்லை. ஆர்டர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகிறது என்ற நிலைமாற்றங்களை, அதாவது அதன் லைஃப்சைக்கிளை, எப்படி எடுப்பது?

பதில் 1: லைஃப்சைக்கிள் படத்தில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் உள்ளீட்டு நிலையிலிருந்து வெளியீட்டு நிலைக்கு ஓர் அம்பு. ‘சரிபார்’ முடிந்ததும் ஆர்டர் ‘ஏற்பு’ அல்லது ‘நிராகரிப்பு’ ஆகலாம் என்றால் இரண்டு அம்புகள். உள்ளீடு விடுபட்டிருந்தால் ஓட்டத்தில் பின்னோக்கிப் போய், ஆர்டரைக் கடைசியாக மாற்றிய டாஸ்க்கின் வெளியீட்டு நிலையை எடுங்கள். வழியில் கிளைகள் கூடினால் பல நிலைகள் கிடைக்கும், ஒன்றையும் விடாதீர்கள். லூப் இருந்தால் புது நிலை வராதவரை திரும்பச் செய்யுங்கள்.

பதில் 2: பேரலல் கேட்வேயில் (ஓட்டம் இணையாக நடக்கும் கிளைகளாகப் பிரியும் இடத்தில்) கவனம்! இரு கிளைகளும் ஆர்டரை மாற்றினால், ‘பணம் வந்தது’ முதலா, ‘அனுப்பியாயிற்று’ முதலா என்று வரைபடம் சொல்லாது. பணத்தை ‘இன்வாய்ஸ்’ என்று தனி ஆப்ஜெக்டாகப் பிரிப்பதே நல்லது.

கேட்டவர்: எங்கள் வரைபடத்தில் அதுவேதான் சிக்கல். பிரித்துவிடுகிறேன், நன்றி.