ஆற்றுவாழையும் அப்பப்பாவும்: 1942 இல் உண்மையில் நடந்தது என்ன?

பழைய உயிரியல் வாத்தியார்:
நேற்று இங்கே ஒருவர் போட்ட பதிவைப் படித்தபின் நித்திரையே வரவில்லை. நம் குளங்களில் கிடக்கும் ஆற்றுவாழையை, பாடப்புத்தகத்தில் ஆகாயத்தாமரை என்று படித்தோமே அதை, வெள்ளைக்காரன் 1942 இல் கொண்டுவந்து போட்டானாம். ஜப்பான் விமானி மேலே இருந்து பார்த்துப் புல்வெளி என்று நினைத்து இறங்க, விமானத்தோடு குளத்துக்குள் தாழ வேண்டுமாம். ஆகவே அது 'ஊரைக் காத்த செடி', சிரமதானம் வைத்துப் பிடுங்குவது நன்றிகெட்ட வேலையாம். ஐயா, இந்தச் செடியை ஒழிக்க இலங்கையில் சட்டம் போட்டதே 1909 இல். 1942 இல் வரப்போகிற செடிக்கு 33 வருடம் முந்தியே சட்டம் போட வெள்ளைக்காரன் சாத்திரியா?

கோணமலையான்:
'ஒருவர்' என்று எழுதத் தேவையில்லை சேர், பெயரைச் சொல்லியே எழுதலாம். அந்தப் பதிவு நான் போட்டதுதான். என் அப்பப்பா திருகோணமலைக் கடற்படை டொக்யார்டில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் இங்கே சீனன்குடாவில் ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்தபோது பங்கருக்குள் இருந்தவர். அவர் சொன்ன கதை இது. நீங்கள் அப்போது பிறந்தே இருக்கவில்லை.

பழைய உயிரியல் வாத்தியார்:
நீங்களும்தான் பிறக்கவில்லை. குண்டு விழுந்ததை நான் மறுக்கவில்லை. அந்த விமானங்கள் கப்பலில் இருந்து கிளம்பி, குண்டைப் போட்டுவிட்டுக் கப்பலுக்கே திரும்பிப் போனவை. இங்கே இறங்கி வயல் உழவா வந்தார்கள்? அதை விடுங்கள், கதையின் மோசமான பகுதி 'பிடுங்காதே' என்பதுதான். நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் இரண்டு கிழமையில் இரட்டிப்பாகிற செடி அது. மேலே பாய் விரித்தமாதிரி மூடினால் கீழே வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லையென்றால் வேலம்பாசி போன்ற அடித்தாவரம் சாகும். அதில் ஒளிந்து வாழும் சின்ன மீன், இறால், பூச்சிப் புழு எல்லாம் இடமில்லாமல் போகும். அழுகிய இலை அடியில் விழுந்து ஒட்சிசனைக் குடிக்கும். கடைசியில் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் மாதிரி மீன்தான் தப்பும். ஒரு செடி வந்தால் ஒரு செடி மட்டும் கூடுவதில்லை, யார் யாரைச் சாப்பிடுவது என்கிற கணக்கே மாறிவிடும்.

கோணமலையான்:
பாடம் நல்லது. ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. சிங்களத்தில் அதன் பெயர் என்ன? 'ஜப்பான் ஜபர'. ஜப்பானுக்குச் சம்பந்தம் இல்லையென்றால் பெயரில் ஜப்பான் ஏன் வந்தது? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வில்லூன்றிப் பொடியன்:
புதிதாக வந்தவன், மன்னிக்கவும். 'ஆக்கிரமிப்பு இனம்' என்றால் வெளிநாட்டில் இருந்து வந்த எல்லாமா, அல்லது கெடுதல் செய்வது மட்டுமா? மிளகாய்கூட அமெரிக்காவில் இருந்துதானே வந்தது?

கிண்ணியா வலைக்காரன்:
பெயரைப் பிடித்துத் தொங்கினால் ஒன்றும் மிஞ்சாது. நாங்கள் குளத்தில் பிடிக்கும் திலாப்பியாவை ஊரில் 'ஜப்பான் மீன்' என்றுதான் சொல்லுவோம். அது ஆபிரிக்கா மீன். மொசாம்பிக் திலாப்பியா, 1952 இல் இங்கே விட்டார்கள். ஜப்பான்காரனா வாளியில் கொண்டுவந்து ஊற்றினான்?

கோணமலையான்:
1952 இல் விட்ட மீனை இதற்குள் ஏன் இழுக்கிறீர்கள் நானா? நான் கேட்டது 1942. பத்து வருட வித்தியாசம்.

பழைய உயிரியல் வாத்தியார்:
நல்ல வேளை, அதை ஞாபகப்படுத்தினீர்கள். திலாப்பியாவும் இதே வகைதான். ஒட்சிசன் குறைந்தாலும் தாங்கும், உவர்நீரும் சரி, நன்னீரும் சரி. பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். நம் பழைய குளத்து மீனுக்கு அந்த வசதி எங்கே?

கிண்ணியா வலைக்காரன்:
சேர், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த நாட்டுக் குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு திலாப்பியா. அதை 'வந்தேறி' என்று நேற்று ஒருத்தர் எழுதியதையும் வாசித்தேன். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பாவியுங்கள். யார் யாரை வந்தேறி என்று சொல்லி எத்தனை வீடு எரிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, ஆற்றுவாழைக்கு மேலே இலைக்கோழி நடந்து திரிவதையும் கூடு கட்டுவதையும் நான் என் கண்ணாலே பார்த்திருக்கிறேன். எல்லாம் சாகிறது என்று எழுதுகிறவர் ஒருநாள் தோணியில் வந்து பார்க்கட்டும்.

பழைய உயிரியல் வாத்தியார்:
'வந்தேறி' நான் எழுதிய சொல் இல்லை. இலைக்கோழிக்கு வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். நுளம்புக்கும் வசதிதான். மான்சோனியா நுளம்பின் குடம்பி மேலே வந்து மூச்சு விடாது, அந்தச் செடியின் வேரைக் குத்தி அதற்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கூட்டம் அது. ஒரு பறவைக்குக் கூடு, ஒரு நுளம்புக்குக் கோட்டை.

கோணமலையான்:
கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பற்றி இதே சேர்தான் பக்கம் பக்கமாக எழுதினார். மான் டவுனுக்குள் வந்து குப்பையைத் தின்கிறது, இடம் மாற்றுங்கள் என்று. மானும் ஆக்கிரமிப்பு இனமா? செடியும் பிடிக்காது, மானும் பிடிக்காது, இந்த ஊரில் அவருக்குப் பிடித்தது எது?

பழைய உயிரியல் வாத்தியார்:
புள்ளிமான் இலங்கைக்கே சொந்தமான விலங்கு. நான் எழுதியது அது பிளாஸ்ரிக் தின்று சாவதைப் பற்றி. அன்றைக்கும் நீங்கள் முதல் வரியை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

ரொறன்ரோ உப்புவெளி:
எங்களுக்கு இங்கே பனி கொட்டுகிறது, உங்களுக்குக் குளமும் மானும். பொறாமையாக இருக்கிறது. சின்ன வயதில் ஆற்றுவாழைத் தண்டைப் பிழிந்தால் 'புஸ்' என்று வருமே, அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் கேட்கிறது. அந்த ஊதாப் பூ எவ்வளவு வடிவு. பாவம், விட்டுவிடுங்களேன்.

பழைய உயிரியல் வாத்தியார்:
அந்த வடிவுதான் வினை. அமேசனில் கிடந்ததைப் பூவின் அழகுக்காகத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அங்கே அதைத் தின்னும் வண்டு உண்டு. செடியைக் கொண்டுவந்தவர்கள் வண்டை விட்டுவிட்டு வந்தார்கள். தின்ன ஆளில்லாத சோறு மாதிரிக் குவிந்துவிட்டது. சல்பீனியா என்கிற இன்னொரு மிதக்கும் செடியும் இதே கதைதான். தாவரவியல் படிப்புக்கு என்று 1939 இல் கொழும்புக்கு வந்து, வாய்க்காலுக்குத் தப்பி, வயலெல்லாம் பரவியது. 1986 இல் அதன் சொந்த ஊரான பிரேசில் பக்கத்து வண்டைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் பல இடங்களில் அடங்கியது.

கோணமலையான்:
1939! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், சேரே தன் வாயால் சொல்லிவிட்டார். 1939 என்ன வருடம்? உலக யுத்தம் தொடங்கிய வருடம். அப்பப்பா சொன்னது சரிதான் என்று இப்போதாவது விளங்குகிறதா?

பழைய உயிரியல் வாத்தியார்:
அது சல்பீனியா! வேறு செடி! அது பூக்காத பன்னம்! ஆற்றுவாழை 1909! 1909!

கோணமலையான்:
மிதக்கிறதா? மிதக்கிறது. பச்சையா? பச்சை. விமானத்தில் இருந்து பார்க்கிறவனுக்குப் பன்னமென்ன, வாழையென்ன? அப்பப்பா ஒன்றும் தாவரவியல் படித்தவர் இல்லை, எல்லாவற்றையும் ஆற்றுவாழை என்றே சொல்லியிருப்பார். யுத்தக் காலம் என்பது சரி. ஜப்பான் என்பது சரி. திருகோணமலை என்பது சரி. நான்கில் மூன்று சரி என்றால் பரீட்சையில் எழுபத்தைந்து புள்ளி. சேர் தன் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைந்த புள்ளிக்கே பாஸ் போட்டவர், எனக்குத் தெரியும்.

தம்பலகாமம் வயல்காரன்:
நீங்கள் எல்லோரும் புள்ளி போட்டு முடிந்ததா? வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் வராமல் என் கடைசி வரவை காய்கிறது. போன மாதம் பெக்கோ கொண்டுவந்து அள்ளினார்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். ஒரு மழை, திரும்பவும் எல்லாம் தண்ணீருக்குள். ஒரு சின்னத் தண்டு கிடந்தாலே முளைக்கும், விதை வேறு சேற்றுக்குள் இருபது வருடம் கிடக்கும் என்கிறார்கள். யார் கொண்டுவந்தது என்பதல்ல, யார் கொண்டுபோவது என்று சொல்லுங்கள்.

கிண்ணியா வலைக்காரன்:
காயவைத்து மாட்டெருவோடு சேர்த்துப் பசளை போடலாம் அண்ணை. நாங்கள் செய்கிறோம்.

கோணமலையான்:
பார்த்தீர்களா, பசளைக்கும் உதவுகிறது. நான் முதல் நாளே சொன்னேன், உபகாரச் செடி என்று.

வில்லூன்றிப் பொடியன்:
மேலே நான் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல முடியுமா? மிளகாய்?

பழைய உயிரியல் வாத்தியார்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கோணமலையான் அவர்களே, உங்கள் அப்பப்பா டொக்யார்டில் எந்தப் பிரிவில் இருந்தார்? போன மாதம் ஜப்பான் விமானங்கள் தாழ்த்திய வெள்ளைக்காரனின் ஹேர்மீஸ் போர்க்கப்பல் பற்றிய விவாதத்தில் அவர் மட்டக்களப்பில் நின்று கப்பல் தாழ்வதைப் பார்த்தார் என்று எழுதினீர்கள். ஹேர்மீஸ் தாழ்ந்ததும் அதே ஏப்ரல் 9 தான். காலையில் இங்கே பங்கருக்குள், பகல் ஆக முன்னம் மட்டக்களப்புக் கரையில். அந்தக் காலத்து றோட்டில் எதில் போனார்?

கோணமலையான்:
அது அம்மம்மாவின் தம்பி. சொந்தக்காரரைக் குழப்பிக் கதைக்க வேண்டாம். கதை மாற்றாமல் 'ஜப்பான் ஜபர' என்ற பெயருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

பழைய உயிரியல் வாத்தியார்:
1909.

கோணமலையான்:
ஜப்பான்.