வயல்வேலை செய்கிறவர்களிடம் "நடங்கள்" என்று எப்படிச் சொல்வது? கிராமங்களில் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆலோசனை

கேள்வி: களப்பணியாளர்

கிராமப்புறச் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். சர்க்கரை நோய் இன்னும் வராமல் பார்டரில், அதாவது ரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடி நோய் அளவை எட்டாமல், நிற்பவர்களைக் கண்டுபிடித்து, சாப்பாடு, நடை, தூக்கம் பற்றிப் பேசி, நோய் வராமல் தடுக்க உதவுவதுதான் என் வேலை. ரத்தப் பரிசோதனைக்கு நன்றாகவே வருகிறார்கள். முதல் ஆலோசனைக் கூட்டத்துக்கும் வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் பாதிப்பேரைக் காணோம்.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்கும் எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. "நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறோம், இதுக்கு மேல நடைப்பயிற்சி எதுக்கு?" என்கிறார்கள். ஒல்லியாக இருப்பவரிடம் எடையைக் குறையுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. கையேட்டை வாசித்துக் காட்டினால் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

வெறும் பேச்சால் உண்மையிலேயே இந்த நோயைத் தடுக்க முடியுமா? முடியும் என்றால் அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலி

முடியும். முதலில் அதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் உங்கள் குரலில் சந்தேகம் இருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சீனாவில் டாச்சிங் என்ற ஊரில் 1986இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 33 மருத்துவமனைகள், பார்டரில் இருந்த 577 பேர், ஆறு ஆண்டுகள். உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனைதான் சிகிச்சை. முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. அதே ஆய்வில், சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்தான்.

இனி அந்த ஆலோசனையை அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். டாச்சிங்கில் குழுக் கூட்டங்கள் முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஆறு ஆண்டும் நடந்தன. அமெரிக்காவில் முதல் ஆறு மாதத்திலேயே 16 பாடங்கள், ஒவ்வொருவருக்கும் தனியாக. ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதுவதற்குப் பெயர் ஆலோசனை இல்லை. உங்களுக்கு மேலே இருப்பவர்கள் தலை எண்ணிக்கையை மட்டும் கேட்டால், இதை அவர்களிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது வயல்வேலை. "அது உடற்பயிற்சியே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், கேட்பவருக்கு அவமானமும்கூட. தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை அதிகம் இல்லாமலே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். அப்புறம் அந்தப் பலன் கரைந்துவிடும். அதனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "வேலை இல்லாத மாதங்களில் உங்கள் நாள் எப்படிப் போகிறது?" விதைப்பிலும் அறுவடையிலும் உயிரைக் கொடுத்து உழைத்தவர், நடுவில் வாரக்கணக்கில் திண்ணையே கதி என்று இருப்பார். ஆனால் தட்டில் விழும் அளவு மட்டும் அறுவடைக்கால அளவாகவே இருக்கும். இதை நீங்கள் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

நான் எப்போதும் செய்தது, "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. ஒருவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். எழுந்ததும் டீ, வேலைக்குப் போகும் வழியில் டீ, இடைவேளையில் டீ, மாலையில் ரெண்டு. ஐந்தாவது விரலை மடக்கியவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாத்திலயும் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறேன்" என்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாலை ரெண்டையும் சர்க்கரை இல்லாமக் குடிச்சுப் பார்க்கிறேன்" என்று அவரே முடிவு செய்தார். அதைத்தான் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை பார்த்தபோது அதை மட்டும்தான் கேட்டேன்.

இன்னொன்று, சமைப்பவரைக் கூப்பிடாமல் சாப்பிடுபவரிடம் மட்டும் பேசிப் பயனில்லை.

பதில் 2: பொது மருத்துவர்

ஒல்லியானவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 531 பேரிடம் செய்து 2006இல் வெளியான தடுப்பு ஆய்வு உங்களுக்குப் பயன்படும். மூன்று ஆண்டில், ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெற்றவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை குறையவில்லை. எனவே எடை இறங்கவில்லை என்று யாரையும் சோர்வடைய விடாதீர்கள். பருமனாக இருப்பவருக்கு எடை குறைப்பது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். தெற்காசியர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம் தேவை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆடைக்கு மேல் அளக்காதீர்கள்.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் பார்டர் என்கிறோம். ஆனால் ரத்தசோகை உள்ளவர்களிடம் அந்த எண் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவு அதைக் கூட்டிக் காட்டலாம், வேறு சில ரத்தசோகைகள் குறைத்துக் காட்டலாம். ரத்தசோகை அதிகமுள்ள இடங்களில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நம்பகமானது. அது டெசிலிட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை என்றால் பார்டர், 200 தொட்டால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அவர்களைத் தடுப்புக் குழுவிலேயே வைத்திருக்காதீர்கள்.

பதில் 3: உழவு இயந்திர ஓட்டுநர்

நான் ஆலோசனை கேட்கிற பக்கத்தில் இருந்தவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குப் பார்டர் என்று சொன்னபோது உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவே இல்லாதவனிடம் "கண் போய்விடும், கால் போய்விடும்" என்று பயமுறுத்தினால் அவன் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டான். எங்கள் ஆலோசகர் பயமுறுத்தவில்லை. "இப்போ கண்டுபிடிச்சது நல்லது, இதை மாத்த நேரம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மறுபடி போனேன்.

இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்து வயலைச் சுற்றி வருவதையும் நான் உழைப்புக் கணக்கில்தான் வைத்திருந்தேன். வியர்க்கிறதே! அந்த வியர்வை வெயிலால் வந்தது என்று புரியவைத்தது அவர்தான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும் என்று சொன்னார். கடிகாரமோ கருவியோ வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு நடக்க ஆரம்பித்தேன். அவர் வாசலில் வந்து நிற்கும்போது நான் படுத்திருக்க முடியாது.

கூட்ட நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் அன்றைய கூலி போகும். "ஆர்வமில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

களப்பணியாளர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் கூட்டம் வைப்பது முற்பகலில்தான், அதை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அம்மா, உங்களிடம் இன்னும் ஒன்று. ஒரு கிராமத்துக்கு என்னால் அடிக்கடி போக முடியாது, பொறுப்பில் இருக்கும் பரப்பு பெரியது. ஊர்க்காரர்களில் ஒருவரையே பயிற்சி கொடுத்துக் குழுவை நடத்தச் சொன்னால் சரியாக வருமா?

ஓய்வுபெற்ற செவிலி:

வரும், ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். கேரளத்தில் உள்ளூர்க்காரர்களையே குழுத் தலைவர்களாக்கி 1,007 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. இரண்டு ஆண்டில் நோய் வந்தவர்கள் கொஞ்சம் குறைவுதான் என்றாலும், அந்த வேறுபாட்டைப் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காய்கறி, பழம் உண்பது கூடியது, மது குறைந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அதே சமயம், ஒருவரைத் தலைவராக்கிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அவருக்குப் பதில் தெரியாத கேள்வி வரும், அவரே சோர்ந்துபோகும் மாதமும் வரும். குழுவைப் பார்க்கப் போக முடியாவிட்டாலும் அவரோடு போனிலாவது பேசிக்கொண்டே இருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். நாலு பேர் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு வெளியில் சொல்லாதவர் யார் என்று விசாரியுங்கள். பெண்கள் குழுவுக்குப் பெண்ணே இருக்கட்டும். இடுப்பை அளக்கவும் வேண்டும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், மிச்சத்தை வீணாக்காமல் விழுங்குவது யார் என்ற பேச்சும் அங்கேதான் வெளியே வரும்.

இலக்கையும் எல்லாருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். ஃபின்லாந்தில் 522 பேருக்கு எடை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருப்பது), நார்ச்சத்து, உடற்பயிற்சி என்று ஐந்து இலக்கு கொடுத்தார்கள். நான்கோ ஐந்தோ எட்டியவர்களில் ஒருவருக்கும் அந்த ஆய்வுக் காலத்தில் நோய் வரவில்லை. ஆனால் ஐந்தையும் முதல் நாளே ஒருவர் தலையில் ஏற்ற முடியாது. முதல் கூட்டத்தில் ஒன்று, அதுவும் அவர் தேர்ந்தெடுத்தது. அது நிலைத்த பிறகு அடுத்தது.

வராமல் போன அந்தப் பாதிப்பேரின் பட்டியல் உங்களிடம் இருக்கும் இல்லையா? புதுக் குழு அமைப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், எந்த நேரம் வசதிப்படும் என்று மட்டும் கேளுங்கள்.