பயன்பாட்டு அறிவியல் எடுக்கலாமா?

கேள்வி: பெரிய தேர்வு என்றாலே பயம், ஆனால் ஆய்வகத்தில் கை நன்றாக ஓடும். தொழிற்பாடமாகப் பயன்பாட்டு அறிவியல் எடுத்தால் சுலபமாக இருக்குமா?

பதில் 1: சுலபம் என்று நினைத்து வராதீர்கள். ஒரு டைட்ரேஷன் (ஒரு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்தால், பியூரெட் என்ற அளவுக் குழாயை 0.05 மி.லி. வரை படித்து, அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, அப்புறம் பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று விளக்கமாக எழுத வேண்டும். சோதனையைவிட அந்த எழுத்துதான் நேரத்தை விழுங்கும்.

பதில் 2: ஆய்வக வேலைக்குப் போகிறவர்களுக்கு அருமையான பாடம். மருத்துவம் மாதிரி ஆசை இருந்தால் மட்டும், சேரப்போகும் கல்லூரி இதை ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்: சரி, அறிக்கை எழுதுவதைச் சமாளிப்பது எப்படி?

பதில் 1: சோதனை செய்த அன்றே எழுதிவிடுங்கள். ஒன்று தேங்கினால் அடுத்தடுத்து எல்லாம் தேங்கும்.